கொழும்புக் கோட்டையின் கந்தோர்கள்: வெறுமையுற்ற கட்டிடங்களின் மறுபயன்பாடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தமிழர் வழக்கிற் பயின்றுவரும் 'கந்தோர்' என்னும் சொல் ஒல்லாந்த மொழியிலிருந்து நமக்குக் கிடைத்ததாகும். தபாற்கந்தோர், காணிக் கந்தோர், கந்தோர் உத்தியோகம் என்றெல்லாம் வழங்கிய இச்சொல்லை இன்று 'அலுவலகம்', 'காரியாலயம்' என்பன பெரிதும் பின்தள்ளிவிட்டன. எனினும் முதியோர் பேச்சில் அது இன்னும் மறையவில்லை. சொல்லைத் தந்த ஒல்லாந்தர் தமது கணக்கேடுகளையும் கடிதங்களையும் வைத்து ஆட்சி நடத்திய தலைமையிடம் கொழும்புக் கோட்டை. அவர்களுக்குப் பின் வந்த பிரித்தானியர் அதனை ஏறத்தாழ முழுமையாகக் கந்தோர்களின் ஊராகவே மாற்றினர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கந்தோர்கள் பலவும் அங்கிருந்து அகன்றன. எஞ்சி நின்ற கட்டிடங்களை என்ன செய்வது என்ற வினா கடந்த பல ஆண்டுகளாக அரசினராலும் கட்டிடக் கலைஞராலும் வணிகராலும் ஆராயப்பட்டு வருகின்றது. வரலாற்று மாணவர் அவ்வினாவிற் போதிய கவனஞ் செலுத்தவில்லை. கோட்டைக் கட்டிடங்கள் சிலவற்றின் பயன்பாடு காலந்தோறும் மாறிய வகையினை எடுத்துரைத்து, அம்மாற்றங்களால் யார் உட்புகுந்தனர், யார் வெளியேறினர் என்பதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய கட்டிடங்களுக்குப் புதிய பணி வழங்குதல் அண்மைக்காலத்து எண்ணம் என்ற கருத்துப் பரவலாக உண்டு. 2011இல் ஒல்லாந்தர் மருத்துவமனை கடைகளும் உணவகங்களும் கொண்ட தொகுதியாகத் திறக்கப்பட்டதிலிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்குவோர் பலர். கோட்டையின் வரலாறு இதற்கு மாறான செய்தியையே தருகின்றது. ஏறத்தாழ ஒவ்வோர் ஆட்சி மாற்றமும் ஒவ்வொரு பொருளியல் மாற்றமும் அங்கிருந்த கட்டிடங்கள் சிலவற்றை வெறுமையாக்கியுள்ளன. அவ்வாறு வெறுமையானவற்றுட் சில இடிக்கப்பட்டன. வேறு சில புதிய தொழிலை ஏற்றுப் பிழைத்தன.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்பிற் கோட்டை அமைத்தனர். 1656இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்தில் இன்றைய கோட்டைப் பகுதி அரணுக்குட்பட்ட காசலாகவும், புறக்கோட்டை அதற்கு வெளியே அமைந்த நகராகவும் விளங்கின. காசலுக்குள் கம்பனியின் கந்தோர்களும் பண்டகசாலைகளும் இருந்தன. உத்தியோகத்தரின் இல்லங்களும் இருந்தன. வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் பிரிக்கப்படாத அமைப்பு அது. பின்னாளில் மாலை ஆறு மணிக்குப்பின் ஆளரவமற்றுப் போன கோட்டையை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்கலாம். கோட்டை மக்கள் வாழ்வதற்கு ஏற்றதன்று என்ற எண்ணம் அதன் தோற்றத்தோடு தோன்றியதன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1796இல் கொழும்பு பிரித்தானியர் வசமாயிற்று. முதல் அரைநூற்றாண்டு காலம் அவர்களும் கோட்டைக்குள்ளேயே வாழ்ந்தனர். நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று, 1869ஆம் ஆண்டளவில் அரண்களை இடிக்கும் பணி தொடங்கப்பட்டமை. மற்றையது, துறைமுகம். சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் அதே 1869இலாகும். 1875இல் தொடங்கிய தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தவே, அதுவரை காலித் துறைமுகம் பெற்றிருந்த முதன்மை கொழும்புக்கு வந்தது. கப்பல் முகவர், வங்கியாளர், காப்புறுதி நிறுவனத்தார், தோட்டக் கம்பனிகளின் முகவர் என்போர் துறைமுகத்தை அண்டிய நிலத்துக்குப் போட்டியிட்டனர். நிலத்தின் பெறுமதி ஏறியது. குடியிருந்த ஐரோப்பியர் கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் பெயர்ந்தனர். வீடுகள் கந்தோர்களாயின, அல்லது கந்தோர்களுக்கு இடம்விட்டு மறைந்தன. இதுவே கோட்டை கண்ட முதற் பெரும் பயன்பாட்டு மாற்றம் எனலாம். அன்று வீடுகளைக் கந்தோர்கள் விழுங்கின. அக்கந்தோர்களே ஒரு நூற்றாண்டின் பின் தாமும் வெறுமையாயின.

இக்காலத்து மாற்றங்களுள் விரித்துரைக்கத்தக்கது கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலின் வரலாறு. துறைமுகத்தின் வாயிலில் நிற்கும் இக்கட்டிடம் முதலிற் படையினர் தங்குமிடமாக இருந்தது. கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்குத் தரமான விடுதி வேண்டும் என்ற நிலை தோன்றியபோது, பொது வேலைத் திணைக்களத்தின் கட்டிடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர் அதனை ஹோட்டலாக மாற்றியமைத்தார். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையை வடிவமைத்தவரும் இவரே. ஹோட்டல் 1875இல் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் 'தப்ரபேன்' என்னும் பெயரையும் தாங்கியது. படைவீடொன்று இத்துணை எளிதாக விடுதியானமைக்குக் காரணம் அதன் அமைப்பேயாகும். நீண்டு ஒடுங்கிய கட்டிடம், இரு புறமும் காற்று, வரிசையான அறைகள் என்பன படையினர்க்கும் பயணிகட்கும் ஒருங்கே பொருந்தின. ஒரு கட்டிடத்தின் மறுவாழ்வு அதன் சுவர்களின் அழகிற் பெரிதும் தங்கியிருப்பதில்லை. சாளரத்துக்கும் உட்சுவருக்கும் இடைப்பட்ட தூரமே பல வேளைகளில் அதனைத் தீர்மானிக்கின்றது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த கோட்டைக் கந்தோர்களை இக்கண்கொண்டு நோக்குதல் பயனுடைத்து. 1895இல் எழுந்த பெரிய தபாற்கந்தோர், 1906இல் யோர்க் வீதியிற் செங்கல்லால் எழுந்த கார்கில்ஸ் கட்டிடம், 1914இற் சதாம் வீதியில் ஆயுட் காப்புறுதி நிறுவனமொன்றின் தலைமையகமாக எழுந்து அக்காலத்திற் கொழும்பின் மிக உயர்ந்த கட்டிடமென எண்ணப்பட்ட நஷனல் மியூச்சுவல் கட்டிடம் என்பன யாவும் குளிரூட்டும் இயந்திரம் வழக்கத்துக்கு வருமுன் கட்டப்பட்டவை. உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், நடுவில் முற்றம் அல்லது ஒளிக்கூடம், பாதசாரிகளை வெயிலிலும் மழையிலும் காக்கும் தூண் வரிசை நடைபாதை ஆகியவை இவற்றுட் பலவற்றின் பொது இயல்புகள். வெப்ப நாட்டில் எழுதுவினைஞர் பகல் முழுதும் இருந்து எழுதுவதற்காகச் செய்யப்பட்ட இவ்வேற்பாடுகளே பிற்காலத்தில் இக்கட்டிடங்களை வேறு பணிகளுக்கு ஏற்றனவாக்கின. சதாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரம் இக்கட்டிடப் பெருக்கத்தின் விளைவைப் பிறிதொரு வகையிற் காட்டுகின்றது. தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவியார் வரைந்த அமைப்பின்படி 1857இற் கட்டப்பட்ட இக்கோபுரம் 1867 முதல் வெளிச்சவீடாகவும் பணியாற்றிற்று. சுற்றிலும் எழுந்த கட்டிடங்கள் அதன் ஒளியைக் கடலிலிருந்து மறைத்தமையால் 1952இல் வெளிச்சவீட்டுப் பணி கடற்கரையிலமைந்த புதிய கோபுரத்துக்கு மாற்றப்பட்டது. மணிக்கூடு மட்டும் எஞ்சியது. ஒரு பணியை இழந்த கட்டிடம் மற்றைய பணியால் நிலைத்து நிற்பதற்கு இதனினும் சிறந்த சான்று கோட்டையிற் காண்பதரிது.

இக்கந்தோர்களில் அமர்ந்து எழுதியோர் யாவர்? யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளிலும் இந்துப் பாடசாலைகளிலும் ஆங்கிலங் கற்று வெளியேறிய இளைஞர் அவர்களுட் கணிசமானோர். அரசாங்கத் திணைக்களங்கள், தபாற் சேவை, வணிக நிறுவனங்கள் ஆகியவற்றில் எழுதுவினைஞராகவும் கணக்காளராகவும் அவர்கள் பணியாற்றினர். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆகிய இடங்களிற் குடியமர்ந்து நாள்தோறும் புகையிரதத்திற் கோட்டைக்கு வந்துசென்ற வாழ்க்கை, ஈழத்துத் தமிழர் சமூக வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் கந்தோரின் மொழியை மாற்றியபோது அவ்வாழ்க்கையின் அடித்தளம் ஆட்டங்கண்டது. அச்சட்டம் விவாதிக்கப்பட்ட மண்டபமும் கோட்டையின் எல்லையிலேயே உள்ளது. 1956 ஜூன் 5ஆம் நாள் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையிற் சத்தியாக்கிரகிகள் அமர்ந்த காலிமுகத்திடல் அம்மண்டபத்தை அடுத்தே விரிந்து கிடக்கின்றது. எனவே, கட்டிடங்கள் வெறுமையாதலைப் பேசும்போது ஆட்கள் அகன்றதையும் சேர்த்தே பேசவேண்டியுள்ளது. ஒரு கந்தோர் பூட்டப்படுமுன்னரே அங்கு ஒரு பகுதியினரின் நாற்காலிகள் வெறுமையாகியிருக்கக் கூடும்.

சட்டமன்றக் கட்டிடங்களின் வரலாறு இங்குத் தனித்து நோக்கத்தக்கது. கோர்டன் பூங்காவை அடுத்துள்ள பழைய கட்டிடத்திற் சட்டநிரூபண சபை கூடிவந்தது. 1930 ஜனவரியிற் காலிமுகத்திடலின் வடவெல்லையிற் புதிய மண்டபம் திறக்கப்பட்டபோது பழைய கட்டிடம் தன் முதன்மையை இழந்தது. 1947இல் மூதவை அமைக்கப்படவே அதற்கு மீண்டும் ஒரு சபை கிடைத்தது. 1971 ஒக்டோபரில் மூதவை ஒழிக்கப்பட்டது. பின்னர் அது 'குடியரசுக் கட்டிடம்' என்னும் பெயருடன் வெளிநாட்டமைச்சின் இருப்பிடமாயிற்று. 1930இல் திறக்கப்பட்ட மண்டபமோ சட்டநிரூபண சபை, அரசாங்க சபை, பிரதிநிதிகள் சபை, தேசிய அரசுப் பேரவை, பாராளுமன்றம் எனப் பல பெயர் தாங்கிய சபைகளைக் கண்டபின், 1982இற் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்குப் பெயர்ந்ததும் சனாதிபதி செயலகமாக மாற்றப்பட்டது. கட்டிடம் இடிக்கப்படவில்லை, தூண்களும் படிகளும் அவ்வாறே நின்றன. ஆயினும் மக்கள் பிரதிநிதிகள் வாதிட்ட மண்டபம் நிறைவேற்று அதிகாரத்தின் அலுவலகமாயிற்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புக் கொணர்ந்த மாற்றத்தைக் கல்லிற் காண விரும்புவோர் இக்கட்டிடத்தைக் காணலாம். 2022 ஏப்ரல் முதல் ஜூலை வரை காலிமுகத்திடலிற் கூடிய மக்கள் அதன் வாயிலையே தம் எதிர்ப்பின் இலக்காகக் கொண்டதும் இப்பின்னணியிற் பொருளுடையதாகின்றது.

பாராளுமன்றத்தின் பெயர்வு தனித்த நிகழ்ச்சியன்று. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நகர அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. நிர்வாகத் தலைநகரைக் கோட்டேக்கு மாற்றும் கொள்கைக்கிணங்க 1980கள் முதல் அமைச்சுக்களும் திணைக்களங்களும் பத்தரமுல்லைப் பகுதிக்குச் செல்லத் தொடங்கின. அதே காலத்தில் தனியார் நிறுவனங்கள் காலி வீதி வழியே தெற்கு நோக்கி நகர்ந்தன. மோட்டார் வண்டிகளை நிறுத்த இடமில்லாத ஒடுங்கிய வீதிகள் அவற்றுக்குப் பொருந்தவில்லை. 1983 ஜூலை வன்செயலிற் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் தமிழர்க்குரிய வணிக நிலையங்கள் எரியூட்டப்பட்டன. அவற்றுட் பலவற்றின் உரிமையாளர் மீண்டும் அங்குத் திரும்பவில்லை.

இவற்றின் பின்னரே 1990களின் பேரழிவுகள் நிகழ்ந்தன. 1996 ஜனவரி 31ஆம் நாள் மத்திய வங்கிக் கட்டிடத்தின்மீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் 91 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றியிருந்த கட்டிடங்கள் பலவும் சேதமுற்றன. 1997 ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் திறக்கப்பட்ட சில நாட்களிலேயே அவற்றின் அயலிற் பிறிதொரு குண்டு வெடித்தது. வீதிகள் மூடப்பட்டன, சோதனைச் சாவடிகள் பெருகின. சனாதிபதி மாளிகைக்கு எதிரே நின்ற பெரிய தபாற்கந்தோர் பாதுகாப்புக் கருதி 2000ஆம் ஆண்டளவில் டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தைக்கு மாற்றப்பட்டது. கோட்டை வெறுமையானமைக்குப் போரே காரணம் என்று கூறுவோர் இந்நிகழ்ச்சிகளையே சான்று காட்டுவர். நமது கருத்தில் அது முழு உண்மையன்று. அரசின் இடப்பெயர்வும் வணிகத்தின் தென்திசைப் பெயர்ச்சியும் போருக்கு முன்னரோ அதனோடு தொடர்பின்றியோ தொடங்கிவிட்டன. போர் அவற்றை விரைவுபடுத்தியது. திரும்பிவரும் வழியையும் அடைத்தது.

2009இற் போர் முடிவுற்றபின் மேற்கொள்ளப்பட்ட முதற் பெரும் மறுபயன்பாட்டு முயற்சி ஒல்லாந்தர் மருத்துவமனையாகும். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் ஊழியர்க்கும் மாலுமிகட்கும் மருத்துவஞ் செய்ய அமைத்த இக்கட்டிடம் கோட்டையில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டிடங்களுள் ஒன்று. தடித்த சுவர்கள், தேக்குமர உத்தரங்கள், ஓட்டுக்கூரை, முற்றங்களைச் சூழ்ந்த திறந்த தாழ்வாரங்கள் என்பன அதன் அமைப்பு. 1670களில் இக்கம்பனியின் மருத்துவராகக் கொழும்பிற் பணியாற்றிய போல் ஹேர்மன் திரட்டிய உலர்தாவரத் தொகுதியே பின்னர் லின்னேயஸ் இலங்கைத் தாவரங்கள் பற்றி 1747இல் வெளியிட்ட நூலுக்கு ஆதாரமாயிற்று என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. மருத்துவமனைப் பணி எப்பொழுதோ அகன்றுவிட்டது. ஆஸ்பத்திரி வீதி என்னும் பெயர் மட்டும் அதனை நினைவூட்டி நின்றது. 1980கள் தொடக்கம் இக்கட்டிடத்திற் கோட்டைப் பொலிஸ் நிலையம் இயங்கியது. 1996 குண்டுவெடிப்பு இதனையும் பாதித்தது. பின்னர் அது கைவிடப்பட்ட நிலையில் இருந்தது.

2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. படையினரின் உழைப்பும் இத்திருத்த வேலையிற் பயன்படுத்தப்பட்டது. 2011 டிசம்பரில் மருத்துவமனை கடைகளும் உணவகங்களும் கொண்ட தொகுதியாகத் திறக்கப்பட்டது. கட்டிடத்தைக் காத்தல் என்ற அளவில் இம்முயற்சி வெற்றி பெற்றது என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். கூரை பழைய வடிவிற் செப்பனிடப்பட்டது. முற்றங்கள் மீண்டும் திறந்தவெளியாயின. பகல் முடிந்தபின்னும் கோட்டையில் மனிதர் நடமாடினர். எனினும் அங்குள்ள விலைகள் கோட்டைப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் சாதாரணப் பயணிக்கு எட்டுவன அல்ல. ஒரு மருத்துவமனையும் ஒரு பொலிஸ் நிலையமும், அவற்றை நாம் விரும்பினும் வெறுத்தாலும், எவரும் நுழையக்கூடிய இடங்கள். உணவகம் அத்தகையதன்று. இம்மாற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் கூரையின் ஓட்டைப் பற்றி எழுதுமளவு வாயிலைப் பற்றியும் எழுதுதல் வேண்டும்.

இதன் வெற்றி பிறவற்றுக்கும் வழிகாட்டியது. கோட்டைக்கு வெளியே, 19ஆம் நூற்றாண்டில் மனநோயாளர் மருத்துவமனையாக எழுந்து பிற்காலத்திற் கணக்காய்வாளர் தலைமை அதிபதி திணைக்களத்தின் அலுவலகமாக விளங்கிய கட்டிடம் 2014இற் சுதந்திரச் சதுக்க வணிகத் தொகுதியாயிற்று. சதாம் வீதியின் நஷனல் மியூச்சுவல் கட்டிடம் வேறு வழியிற் சென்றது. 1996இற் பாதிப்புற்ற அக்கட்டிடத்தை மத்திய வங்கி பொறுப்பேற்றுச் செப்பனிட்டு, நாணயங்களும் தாள்களும் காட்சிக்கு வைக்கப்பட்ட பொருளாதார வரலாற்று நூதனசாலையாக்கியது. காப்புறுதிப் பணம் எண்ணிய மண்டபத்திற் பணத்தின் வரலாறு விளக்கப்படுவது பொருத்தமானதே. பாடசாலை மாணவர் வரிசையாக நுழையும் இக்கட்டிடம் பிறவற்றைப்போற் பேசப்படாதது வியப்பன்று. அதனால் எவர்க்கும் வாடகை வருமானம் கிடைப்பதில்லை.

கோட்டையின் மாற்றங்கள் ஏன் உணவகத்தையும் விடுதியையும் நோக்கியே செல்கின்றன என்பதை விளங்கிக்கொள்ளப் பிறநாட்டு நகரொன்றோடு ஒப்பிடுதல் உதவும். நியூயோர்க்கின் மன்ஹற்றன் தீவின் தென்முனையும் கோட்டையைப்போல ஒல்லாந்தர் அரணிலிருந்து வளர்ந்து வங்கிகளின் இருப்பிடமாகிய பகுதியே. 1990களின் முற்பகுதியில் அங்கும் பழைய அலுவலகக் கட்டிடங்கள் வெறுமையாகிக் கிடந்தன. 1995இற் கொண்டுவரப்பட்ட வரிச்சலுகைச் சட்டமொன்று அவற்றை வீடுகளாக மாற்றுவோர்க்கு ஊக்கமளித்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அச்சலுகையின்கீழ் 12,000க்கு மேற்பட்ட குடியிருப்புக்கள் தோன்றின. முதலில் மாற்றப்பட்டவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட, சாளரங்கள் அணித்தாக அமைந்த கட்டிடங்கள். பிற்காலக் கட்டிடங்களின் தளங்கள் அகன்றவை. நடுப்பகுதிக்கு வெளிச்சம் எட்டாது. 1960களின் இறுதியில் எழுந்த வோட்டர் வீதிக் கட்டிடமொன்றை 2020களில் வீடுகளாக மாற்றியோர் அதன் நடுவில் இரு முற்றங்களைக் குடைந்தே 1,300க்கு மேற்பட்ட குடியிருப்புக்களை அமைத்தனர். அங்குப் பெரும் பொருட்செலவிற் குடைந்தெடுக்கப்பட்ட முற்றம் கோட்டையின் பழைய கட்டிடங்களுட் பலவற்றில் முன்னரே உள்ளது. அவ்வாறிருந்தும் கோட்டையில் வீடுகள் தோன்றவில்லை.

கோட்டையில் அடுக்குமாடி வாழ்க்கை இயலாததன்று என்பதற்குச் சான்று அங்கேயே நிற்கின்றது. 1941இல் மேல் சதாம் வீதியிற் சுவிற்சர்லாந்து நாட்டு வணிக நிறுவனமொன்றுக்காக அந்நாட்டுக் கட்டிடக் கலைஞர் வடிவமைத்த பவர்ஸ் கட்டிடத்திற் கீழ்த்தளங்களில் அலுவலகமும் மேல்தளங்களிற் குடியிருப்புக்களும் அமைக்கப்பட்டன. கடற்காற்றைக் கணக்கிலெடுத்துச் செய்யப்பட்ட இக்கட்டிடம் இலங்கையின் நவீனக் கட்டிடக்கலையின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஆனால் அது தனித்தே நின்றுவிட்டது. இதற்குக் காரணங்கள் உள. கோட்டையின் முக்கிய கட்டிடங்களுட் பல அரசுக்கோ அரச நிறுவனங்களுக்கோ உரியவை. அரசு அவற்றை விற்பதிலும் நீண்டகாலக் குத்தகைக்கு விடுவதையே விரும்புகின்றது. ஒரே குத்தகையாளரிடமிருந்து அந்நியச் செலாவணியில் வருமானந் தரக்கூடியது விடுதி. நூறு குடும்பங்களிடமிருந்து ரூபாயில் வாடகை தண்டுவது நிர்வாகத் தொல்லை. மேலும் அயலிற் பாடசாலையும் சந்தையும் இல்லாவிடத்துக் குடும்பங்கள் வரா. குடும்பங்கள் வராவிடத்து அவையும் தோன்றா. இவ்வட்டத்தை உடைப்பதற்கு வேண்டிய பொதுக் கொள்கை எதுவும் கோட்டையில் இதுவரை செயற்பட்டதில்லை.

இவ்வினா கூர்மையடைவது பெரிய தபாற்கந்தோரிடத்தாகும். வெண்ணிறத் தூண் வரிசையும் உயர்ந்த மண்டபமும் கொண்ட அக்கட்டிடம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பொதுமக்களின் உடைமைபோல் இயங்கியது. யாழ்ப்பாணத்துக்குக் காசுக்கட்டளை அனுப்பிய எழுதுவினைஞரும், தென்னிந்தியாவுக்குக் கடிதம் எழுதுவித்த துறைமுகத் தொழிலாளியும், வெளிநாட்டுக் கப்பலின் மாலுமியும் ஒரே மேசையின் முன் வரிசையில் நின்ற இடங்கள் கொழும்பிற் பல இல்லை. தபாற் பணி அகன்றபின் அது நீண்டகாலம் நிலையான பணியின்றி நின்றது. 2021ஆம் ஆண்டளவில் நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழமைந்த 'செலந்திவ' என்னும் முதலீட்டு நிறுவனத்தின் வாயிலாகக் கோட்டையின் பழைய கட்டிடங்கள் சிலவற்றை முதலீட்டாளரிடம் ஒப்படைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது இத்தபாற்கந்தோரும் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலும் அவற்றுட் சேர்க்கப்பட்டிருந்தன. அத்திட்டம் பலத்த விவாதத்துக்குள்ளாயிற்று. 2023 நவம்பரில் நுவரெலியா, கண்டி தபாற்கந்தோர்க் கட்டிடங்களைச் சுற்றுலாத் திட்டங்களுக்கு வழங்குவதை எதிர்த்துத் தபால் ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்தனர். நுவரெலியாவிற் கட்டிடம் வெறுமையாகவும் இருக்கவில்லை, இயங்கிக்கொண்டிருந்தது. வெறுமையான கட்டிடத்துக்குப் பணி தேடுதல் ஒன்று. பணி செய்யும் கட்டிடத்தை வெறுமையாக்கி விடுதிக்கு வழங்குதல் முற்றிலும் வேறொன்று. இரண்டையும் 'மறுபயன்பாடு' என்ற ஒரே சொல்லாற் சுட்டுவது குழப்பத்துக்கு இடந்தருவதாகும்.

சட்டமும் இங்குப் போதிய துணை செய்வதில்லை. தொல்பொருட்கள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளை, அதாவது கண்டி ஒப்பந்த நாளை, எல்லையாகக் கொள்கின்றது. அதற்கு முற்பட்ட ஒல்லாந்தர் மருத்துவமனை இயல்பாகவே அதன் காப்புக்குள் வரும். கோட்டையை இன்றைய கோட்டையாக்கிய 1870 முதல் 1940 வரையான கந்தோர்கள் அவ்வாறு வருவதில்லை. அவற்றைத் தனித்தனியே அறிவித்தலாற் பாதுகாத்தல் வேண்டும். ஒரு கட்டிடம் அறிவிக்கப்படுமுன் முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உட்புறத்தைக் களைந்தெறிதல் எவர்க்கும் இயலும்.

இதற்கிடையே கோட்டையின் மேற்கே கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் உருவாக்கப்பட்ட துறைமுக நகரம் புதிய அலுவலகங்களை எதிர்பார்த்து நிற்கின்றது. அதன் பணி 2014இல் தொடங்கிற்று. தனிச்சட்டம் 2021இல் இயற்றப்பட்டது. வணிகம் அங்குச் செல்லுமாயின் கோட்டையில் அடுத்து வெறுமையாவன தூண் வரிசைக் கட்டிடங்களாக இரா. 1980களிலும் 1990களிலும் எழுந்த கண்ணாடிக் கோபுரங்களே அந்நிலையை எய்தும். சாளரங்கள் திறக்கப்படாத, குளிரூட்டியின்றி ஒரு மணி நேரமும் இருக்கவொண்ணாத அகன்ற தளங்கள் அவை. படைவீடு விடுதியானதுபோல் அவை எளிதில் வேறொன்றாக மாறுவன அல்ல.

2024இற் சனாதிபதி மாளிகையைச் சூழ்ந்த வீதிகள் நீண்டகாலத்தின் பின் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டமை ஆய்வாளர்க்கும் ஒரு வாய்ப்பாகும். இத்துறையிற் செய்யவேண்டிய பணி பெரிது. பேர்கியூசன் தொகுத்த இலங்கை விபரக்கொத்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் நூறாண்டுக்கு மேலாக வெளிவந்தது. வணிக நிறுவனங்களையும் அரச உத்தியோகத்தரையும் அது பட்டியலிட்டது. 1907இல் ஆர்னல்ட் ரைட் பதிப்பித்த இலங்கை பற்றிய பெருநூல் பல நிறுவனங்களின் கந்தோர்களைப் புகைப்படத்தோடு விவரிக்கின்றது. பொது வேலைத் திணைக்களத்தின் ஆண்டறிக்கைகள் அரச கட்டிடங்களின் செலவையும் மாற்றத்தையும் பதிந்துள்ளன. இவற்றை ஒப்புநோக்கி, சதாம் வீதி, யோர்க் வீதி, முன்னர் இளவரசர் வீதியெனப்பட்ட சேர் பாரன் ஜயதிலக மாவத்தை ஆகியவற்றின் கட்டிடம் ஒவ்வொன்றிலும் எந்த ஆண்டில் யார் இருந்தனர் என்ற பட்டியலைத் தயாரித்தல் இயலும். அங்கு எழுதுவினைஞராகப் பணியாற்றிய முதியோரிற் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்த மாடியில் எந்தப் பகுதி இருந்தது, எந்த வாயிலால் யார் நுழைந்தனர் என்பவற்றை விபரக்கொத்துக்கள் கூறா, அவர்களே கூறுவர். அடுத்த குத்தகை உடன்படிக்கை கைச்சாத்தாகுமுன் இப்பட்டியல் தயாரிக்கப்படுதல் வேண்டும். முதலில் எடுத்துக்கொள்ளத்தக்கது பெரிய தபாற்கந்தோர்.